குற்றப் பதிவு உள்ளவரை வேலைக்கு எடுத்தால் முதலாளிக்கு என்ன கிடைக்கிறது?

"சிறையிலிருந்து வந்தவர்களுக்கும் எங்களிடம் வேலை உண்டு" என்று ஒரு பெரிய நிறுவனம் அறிவித்தால், செய்தியைப் படிப்பவர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் அதைத் தருமம் என்று மெச்சுகிறார்கள். மற்றவர்கள், வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இரு தரப்புக்கும் ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை: கொடுப்பது நிறுவனம், வாங்கிக்கொள்வது அந்த ஆள்.

கணக்குப் புத்தகம் வேறு மாதிரி சொல்கிறது. அமெரிக்காவில் தான் புதிதாக எடுப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் குற்றப் பதிவு இருப்பதாக ஜேபிமார்கன் சேஸ் வங்கியே சொல்லியிருக்கிறது. 2021-ல் அந்த வங்கியும் மின்சாதனங்கள் தயாரிக்கும் ஈட்டன் நிறுவனமும் முன்னின்று, இப்படி ஆள் எடுப்பதற்கென்றே பெருநிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கின. வட்டியைப் பைசா பிசகாமல் போடுகிற இடத்தில் இரக்கம் மட்டும் இவ்வளவு தூரம் நடக்காது. அப்படியானால் லாபம் எங்கிருந்து வருகிறது? யாருக்கு வராமல் போகிறது? இதைப் பற்றிய நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. கீழே வரும் எண்களும் சட்டங்களும் அங்குள்ளவை, பிரிட்டனும் ஜெர்மனியும் இடையிடையே வரும்.

## 'பதிவு' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு ஆட்கள்

குற்றப் பதிவு என்றதும் மனதில் வருவது பல வருடம் கம்பி எண்ணிய ஒருவர். பின்னணிச் சோதனை அறிக்கையில் வரும் பதிவோ நான்கு வெவ்வேறு நிலைகளில் எதுவாகவும் இருக்கலாம்:

1. கைது மட்டும். போலீஸ் பிடித்தது, கைரேகை எடுத்தது, பிறகு வழக்கே போடாமல் விட்டது.
2. வழக்கு நடந்தது, தள்ளுபடியானது, அல்லது குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது.
3. தண்டனை கிடைத்தது, ஆனால் சிறை இல்லை. அபராதம், சமூகச் சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு.
4. சிறைவாசம்.

நான்கையும் சேர்த்து எண்ணினால் அமெரிக்காவில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பதிவு இருக்கிறது. ஏழு கோடிப் பேர். இவர்களில் மத்திய, மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வருபவர்கள், கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில், வருடத்துக்குச் சுமார் 6 லட்சம். ஆக, 'பதிவு உள்ளவர்கள் வேண்டாம்' என்று ஒரு நிறுவனம் விதி போட்டால் அது ஒரு சிறு கூட்டத்தை விலக்கவில்லை. ஊரில் மூன்றில் ஒரு பங்கை விலக்குகிறது.

இந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் முதலாளி கேட்கும் நன்னடத்தைச் சான்றிதழில், ஒருவரின் முதல் தண்டனை 90 நாள் வருமானத்தைக் கணக்கிட்டு விதிக்கும் அபராதத்தையோ மூன்று மாதச் சிறையையோ தாண்டாவிட்டால், பொதுவாக அது வருவதே இல்லை. பிரிட்டனில் 1974-ம் ஆண்டுச் சட்டப்படி குறிப்பிட்ட காலம் கழிந்த தண்டனை 'தீர்ந்துபோனது' ஆகிவிடும். சாதாரண வேலைகளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலக்கெடு 2023 அக்டோபரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்னும் குறைக்கப்பட்டது: ஒரு வருடம் வரையிலான சிறைத் தண்டனைக்கு, தண்டனை முடிந்து 12 மாதம். அமெரிக்காவில் நீதிமன்றப் பதிவுகள் பொதுவெளியில் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் தனியார் நிறுவனங்கள் ஏராளம். அதனால்தான் இந்தச் சண்டை அங்கே இவ்வளவு சூடாக இருக்கிறது.

## கட்டத்தில் விழும் ஒரு டிக்

விண்ணப்பப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: "நீங்கள் எப்போதாவது குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?" அதில் விழும் டிக்கின் எடை என்ன என்று 2001-ல் மில்வாக்கி நகரில் அளந்து பார்த்தார் சமூகவியலாளர் தேவா பேஜர். ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரி அனுபவம், ஒரே மாதிரிப் பேச்சு உள்ள இளைஞர்களை 350 இடங்களுக்கு வேலை கேட்டு அனுப்பினார். வேறுபாடு இரண்டே: தோல் நிறம், அந்த டிக்.

பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 சதவீத இடங்களிலிருந்து மறு அழைப்பு வந்தது. பதிவு உள்ள வெள்ளையருக்கு 17. பதிவு இல்லாத கறுப்பினத்தவருக்கு 14; பதிவு உள்ளவருக்கு 5. குற்றமே செய்யாத கறுப்பு இளைஞரைவிட, தண்டனை பெற்றதாகச் சொன்ன வெள்ளை இளைஞருக்கு வாய்ப்பு அதிகம் என்பது அந்த ஆய்வின் பிரபலமான வரி. நம் கேள்விக்கு வேண்டியது வேறொன்று. டிக் விழுந்ததும் முதலாளி அந்த ஆளைப் பற்றி வேறெதையும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். படிப்பு, அனுபவம், பேச்சு எல்லாம் அவர் மேசையிலேயே இருக்கின்றன; பார்க்கப்படுவதில்லை.

இதில் முதலாளிக்கு நஷ்டம் இருக்கிறது, ஆனால் அந்த நஷ்டம் கண்ணில் படாது. எடுத்த ஆள் கல்லாவில் கைவைத்தால் எச்.ஆர். மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். எடுக்காமல் விட்ட ஆள் பத்து வருடம் நன்றாக உழைத்திருப்பார் என்பதற்காக யாரையும் யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஒரு பக்கத் தவறுக்கு மட்டும் அடி விழுந்தால் மனிதர்கள் மறுபக்கமே சாய்வார்கள். தாராளமாக ஆள் எடுக்கும் நிறுவனங்களின் லாபம் பெரும்பாலும் இந்தச் சாய்விலிருந்துதான் பிறக்கிறது: மற்றவர்கள் விலை குறைத்து மதிப்பிட்ட ஆட்களை அவை எடுத்துக்கொள்கின்றன.

## முதல் வரவு: ஆள் நிற்கிறார்

ஆள் அடிக்கடி மாறும் தொழில்களில் மிகப் பெரிய மறைமுகச் செலவு, போனவரின் இடத்தை நிரப்புவது. ஒரு கால்சென்டரை எடுத்துக்கொள்வோம். பயிற்சி ஆறு வாரம் என்று வையுங்கள். பயிற்சி முடிந்து ஆறு வாரத்தில் ஒருவர் கிளம்பிவிட்டால், நிறுவனம் பன்னிரண்டு வாரச் சம்பளம் கொடுத்து ஆறு வார வேலை வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு வேலை வாரத்துக்கும் இரட்டைச் சம்பளம். அதே ஆள் ஒரு வருடம் நின்றால் 52 வாரச் சம்பளத்துக்கு 46 வார வேலை. விளம்பரம், நேர்காணல், பயிற்சியாளரின் நேரம், காலி இருக்கைக்காக மற்றவர்கள் பார்க்கும் ஓவர்டைம் எதையும் இதில் சேர்க்கவில்லை.

பதிவு உள்ளவர்கள் அதிக நாள் நிற்கிறார்களா? மூன்று இடத்துச் சான்றுகள் இருக்கின்றன.

1. டிலன் மைனர், நிக்கோலா பெர்சிகோ, டெபோரா வைஸ் ஆகிய மூவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, வாடிக்கையாளர் சேவை, விற்பனை வேலைகளில் சேர்ந்தவர்களின் பணிப் பதிவுகளைப் பின்தொடர்ந்தது. குற்றப் பதிவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வேலையில் இருந்தார்கள். தாங்களாகவே விட்டுப் போவது குறைவு.

2. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை, தான் வேலைக்கு எடுத்த, தண்டனை பெற்று வந்த ஏறத்தாழ 500 பேரைத் தொடர்ந்து பார்த்தது. முதல் 40 மாதங்களில் அவர்கள் விட்டுப்போன விகிதம் மற்ற ஊழியர்களைவிடக் குறைவாக இருந்தது. மருந்தும் நோயாளிகளும் இருக்கும் இடம் என்பதால் இந்த உதாரணத்துக்கு எடை அதிகம்.

3. அமெரிக்க ராணுவம். அங்கே பதிவு உள்ளவர் சேர வேண்டுமானால் விதிவிலக்கு வாங்க வேண்டும். 2002 முதல் 2009 வரை சேர்ந்த 13 லட்சம் பேரின் பணிப் பதிவுகளை ஜெனிஃபர் லண்ட்க்விஸ்ட், தேவா பேஜர், எய்கோ ஸ்ட்ரேடர் மூவரும் அலசினார்கள். கடுங்குற்றப் பதிவோடு விதிவிலக்கில் வந்தவர்கள் ஒப்பந்தக் காலம் முடியும் முன் வெளியேறிய விகிதம் மற்றவர்களைப் போலவே இருந்தது. பதவி உயர்வு மட்டும் சீக்கிரமும் கிடைத்தது, மேலேயும் போனது.

மூன்றாவது சான்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ராணுவம் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் எடுத்துவிடவில்லை. விதிவிலக்கு கேட்பவரின் வழக்கு, வயது, அதற்குப் பிறகு நடந்துகொண்ட விதம் எல்லாவற்றையும் தனித்தனியாக எடைபோட்டுத்தான் எடுக்கிறது. ஆகவே இந்த ஆய்வை வைத்து 'பதிவு இருந்தால் நல்ல ஊழியர்' என்று சொல்லிவிட முடியாது. டிக்கைத் தாண்டி ஆளைப் பார்க்க மெனக்கெட்டால் நல்லவர்கள் கிடைக்கிறார்கள் என்பது வரைக்கும்தான் அது நம்மைக் கொண்டுபோகும்.

ஏன் நிற்கிறார்கள் என்பதற்கு நன்றி உணர்வு என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பொருளாதார விளக்கம் அதைவிட வறண்டது: வேறு கதவு திறக்காது என்று அவர்களுக்குத் தெரியும். பரோலில் இருப்பவருக்கு வேலையில் இருப்பதே பல சமயம் நிபந்தனை. அடுத்த தெருவில் மணிக்கு இரண்டு டாலர் கூடக் கிடைக்கிறது என்றால் மற்றவர் போய்விடுவார். இவர் அங்கே போய் மறுபடியும் அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும்.

## காலம் என்ற மறந்துபோன அளவுகோல்

பதிவு எத்தனை வருடம் பழையது என்பதுதான் இந்த விஷயத்தில் ஒற்றை மிக முக்கியமான தகவல். விசித்திரம் என்னவென்றால், "எப்போதாவது" என்று கேட்கும் படிவம் அதைத்தான் கேட்காமல் விடுகிறது.

1980-ல் நியூயார்க் மாநிலத்தில் முதன்முறை கைதான சுமார் 88,000 பேரின் பிற்கால வாழ்க்கையை ஆல்ஃபிரட் ப்ளூம்ஸ்டைன், கிமினோரி நாகமுரா இருவரும் பின்தொடர்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி: மறுபடி கைதாகாமல் எத்தனை வருடம் கழிந்தால், இவர் இனிக் கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள சராசரி மனிதரின் அளவுக்கு இறங்கும்? பதினெட்டு வயதில் வழிப்பறிக்காகக் கைதானவருக்கு 7.7 வருடம். வீடு புகுந்து திருடியதற்கு 3.8. கடுமையான தாக்குதலுக்கு 4.3.

அதாவது 22 வயதில் வீடு புகுந்து திருடி மாட்டி, இப்போது 35 வயதில், நடுவில் எந்த வம்பும் இல்லாமல், கிடங்கு வேலைக்கு வந்து நிற்பவரை மறுப்பதால் பாதுகாப்பு என்ற பெயரில் முதலாளி வாங்குவது ஒன்றுமில்லை. ஒரு ஆள் போனதுதான் மிச்சம். போன மாதம் வெளியே வந்தவரின் கணக்கு வேறு. அவர் விஷயத்தில் ஆபத்து உண்மை, அதைச் சமாளிக்கும் ஏற்பாடும் தனி.

## இரண்டாவது வரவு: அரசாங்கப் பணம்

இதைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. உள்ளே பார்த்தால் தொகை சின்னது.

1. வேலை வாய்ப்பு வரிச் சலுகை. 1996-ல் வந்த இந்த ஏற்பாடு லாபத்திலிருந்து கழிக்கும் செலவு அல்ல. கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேரடியாகக் கழிப்பது. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்று, அல்லது விடுதலையாகி, ஒரு வருடத்துக்குள் வேலைக்கு எடுக்கப்பட்டவருக்குப் பொருந்தும். 400 மணி நேரம் வேலை பார்த்தால் முதல் 6,000 டாலர் ஊதியத்தில் 40 சதவீதம், அதாவது அதிகபட்சம் 2,400 டாலர். 120 மணி நேரத்துக்கு மேல், 400-க்குக் கீழ் என்றால் 25 சதவீதம். அதற்கும் கீழே பூஜ்யம். கடைசியாக நீட்டித்த சட்டம் 2025 டிசம்பர் 31 வரை சேர்ந்தவர்களுக்கு என்று எழுதப்பட்டது. அமெரிக்க காங்கிரஸ் அவ்வப்போது நீட்டித்து வந்த திட்டம் இது.

2. ஃபிடிலிட்டி பாண்ட். ஊழியர் திருடினாலோ கையாடினாலோ முதலாளிக்கு ஈடு கொடுக்கும் காப்பீடு. பதிவு உள்ளவர்களுக்குத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் இதைத் தரத் தயங்குவதால், 1966-லிருந்து அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாகத் தருகிறது. 5,000 டாலர் முதல் 25,000 வரை, முதல் ஆறு மாதத்துக்கு. முதலாளி கைப்பணம் எதுவும் போட வேண்டாம். வேலையில் அலட்சியம், விபத்து ஆகியவை இதில் வராது.

வரிச் சலுகையின் நடைமுறையை அருகில் போய்ப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மணிக்கு 15 டாலர் சம்பளம் என்றால் 400 மணி நேரத்துக்குச் சரியாக 6,000 டாலர். முழுநேர வேலையில் அது பத்தே வாரம். பதினோராவது வாரத்திலிருந்து அந்த ஆளை வைத்திருப்பதற்குச் சலுகை எதுவும் இல்லை. அந்தப் பத்து வாரத்துக்கும் ஒரு வாசல்படி இருக்கிறது: படிவம் 8850. வேலைக்குச் சேர்ந்த 28 நாளுக்குள் மாநில அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 29-ம் நாள் அனுப்பினால் ஆள் தகுதியானவர், வேலையும் பார்த்தார், பணம் மட்டும் கிடையாது. ஆள் வசதி உள்ள பெரிய நிறுவனம் இதற்கென்று ஒரு பிரிவே வைத்துக்கொள்ளும். பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் பட்டறையில், கணக்கு எழுதுபவர்தான் எச்.ஆரும், அவருக்கு அந்தப் படிவம் இருப்பது தெரிவதற்குள் 28 நாள் ஓடிவிடும்.

## முதலாளி உண்மையில் பயப்படுவது எதற்கு?

பணம் கொடுத்தால் எடுப்பார்கள் என்ற எண்ணத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு தேசிய இணையதளத்தில் சோயி கல்லன், வில் டாபி, மிட்செல் ஹாஃப்மன் ஆகியோர் சுமார் ஆயிரம் நிறுவனங்களிடம், "உங்கள் வேலைக்குப் பதிவு உள்ளவர் வரலாமா?" என்று கேட்டார்கள். பதில் சொன்னால் அது நிஜமாகவே நடைமுறைக்கு வரும் என்பதால் வாய் வார்த்தைக்கு இடமில்லை. சாதாரணமாகக் கேட்டபோது 39 சதவீதம் சரி என்றன. மூன்று விஷயங்களில் ஏதாவது ஒன்றைச் சேர்த்ததும் அது 50 சதவீதத்தைத் தாண்டியது:

1. குற்றம், பாதுகாப்பு தொடர்பான இழப்புக்குக் காப்பீடு.
2. இவர் ஏற்கெனவே ஓரிடத்தில் நன்றாக வேலை பார்த்தார் என்ற ஒரே ஒரு மதிப்பீடு.
3. கடந்த ஒரு வருடத்தில் பதிவு எதுவும் இல்லை என்ற சோதனை.

சம்பள மானியம் கொடுத்தும் அதே உயர்வைக் கொண்டுவர முடிந்தது, ஆனால் அதற்கு ஆன செலவு மிகவும் அதிகம். இந்த ஒரு முடிவை வைத்தே பல அரசுத் திட்டங்களைத் திருத்தி எழுதலாம். 2,400 டாலரைவிட, அந்த ஆளைப் பற்றிய ஒரு நல்ல வரி முதலாளியை அசைக்கிறது. பயம் விலகினால் போதும், லஞ்சம் தேவையில்லை.

அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயரும் உண்டு: கவனக்குறைவாக ஆள் எடுத்தல். ஊழியர் யாருக்காவது தீங்கு செய்து, அவர் ஆபத்தானவர் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தாலோ, தெரிந்திருக்க வேண்டும் என்றாலோ, பாதிக்கப்பட்டவர் முதலாளிமீதே வழக்குப் போடலாம். பொய்யான பயம் இல்லை இது. வாடிக்கையாளர் வீட்டுக்குள் போகும் பழுதுபார்ப்பவரை, அவர் பின்னணி தெரிந்தும் கேள்வி கேட்காமல் அனுப்பிய நிறுவனம் நீதிமன்றத்தில் திணறும். டெக்சஸ் மாநிலம் 2013-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஊழியருக்குத் தண்டனைப் பதிவு இருந்தது என்ற ஒற்றைக் காரணத்தை மட்டும் வைத்து முதலாளிமீது வழக்குத் தொடுப்பதை, சில விதிவிலக்குகளோடு, தடுத்தது. ஆபத்து எங்கே உண்மை, எங்கே வெறும் அச்சம் என்று சட்டமே பிரித்துக்கொடுத்தால் முதலாளிக்கு மூச்சு விட முடிகிறது.

## வரவு வராத இடங்கள்

ஆள் நிற்கிறார் என்பதற்கு மைனர், பெர்சிகோ, வைஸ் ஆய்வைச் சொல்பவர்கள் அதன் பின்பாதியைச் சொல்வதில்லை. அதே ஆய்வில், விற்பனை வேலைகளில் பதிவு உள்ளவர்கள் முறைகேட்டுக்காக நீக்கப்பட்டது மற்றவர்களைவிடக் கூடுதல். வாடிக்கையாளர் சேவையில் அப்படி இல்லை. விற்பனையில் கமிஷன் இருக்கிறது, பொய் சொன்னால் உடனே லாபம் இருக்கிறது. வேலையின் அமைப்பே ஆசை காட்டும் இடங்களில் வரவோடு செலவும் சேர்ந்தே வரும் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். இதை மறைத்து விளம்பரம் செய்பவர்கள் தங்கள் வாதத்துக்கே கேடு செய்கிறார்கள். முதல் திருட்டு நடந்த அன்று முதலாளி, எல்லாமே பொய் என்று முடிவு கட்டிவிடுவார்.

சில வேலைகளில் சட்டமே கதவை மூடி வைத்திருக்கிறது: குழந்தைகள், முதியோர் பராமரிப்பு, காவல் பணி. வங்கிகளில் நேர்மையின்மை சார்ந்த குற்றங்களுக்கு நீண்ட காலமாகத் தடை இருந்தது. 2022 இறுதியில் வந்த சட்டம் பழைய, சிறிய குற்றங்களுக்கு அதைத் தளர்த்தியது.

## கட்டத்தை அழித்தால் சரியாகிவிடுமா?

'பான் த பாக்ஸ்' என்று அமெரிக்காவில் சொல்வது, விண்ணப்பப் படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடும் சட்டங்களை. கேள்வியே கேட்கக் கூடாது என்பதல்ல. நேர்காணலுக்குப் பிறகோ வேலை தருவதாகச் சொன்ன பிறகோ கேள் என்பது. ஹவாய் 1998-லேயே இதைச் செய்தது. மத்திய அரசுப் பணிகளுக்கும் ஒப்பந்த நிறுவனங்களுக்கும் 2019-ல் சட்டம் வந்து, 2021 டிசம்பரில் நடைமுறையானது.

எண்ணம் நல்லது. விளைவு குறுக்கே போனது. அமாண்டா ஏகன், சோன்யா ஸ்டார் இருவரும் நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் ஏறத்தாழ 15,000 கற்பனை விண்ணப்பங்களை, சட்டம் வரும் முன்பும் பின்பும் அனுப்பிப் பார்த்தார்கள். கட்டம் இருந்த நிறுவனங்களில் முன்பு வெள்ளையருக்குக் கறுப்பினத்தவரைவிட 7 சதவீதம் கூடுதலாக மறு அழைப்பு வந்தது. கட்டம் போன பிறகு 43 சதவீதம். பதிவு யாருக்கு இருக்கிறது என்று கேட்க முடியாதபோது சில முதலாளிகள் தோலைப் பார்த்து ஊகித்துக்கொண்டார்கள். தண்டனையே பெறாத கறுப்பு இளைஞர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

மேலே சொன்ன இணையதள ஆய்வோடு இதைச் சேர்த்து வைத்தால் ஒரு விஷயம் பிடிபடும். தகவலைப் பிடுங்கிக்கொண்டால் முதலாளி மோசமாக ஊகிக்கிறார். கூடுதல் தகவல் கொடுத்தால் நன்றாக முடிவெடுக்கிறார்.

## லாபம் பார்க்கும் நிறுவனங்கள் செய்வது

பிரிட்டனில் டிம்சன் என்ற நிறுவனம் செருப்புத் தைக்கும், சாவி நகலெடுக்கும் கடைகளை நாடெங்கும் நடத்துகிறது. அதன் ஊழியர்களில் சுமார் பத்தில் ஒருவர் சிறையிலிருந்து வந்தவர். கவுண்டரில் வாடிக்கையாளர் தன் வீட்டுச் சாவியைக் கழற்றிக் கொடுக்கிறார். அதை வாங்கி இயந்திரத்தில் வைப்பவர் ஒரு காலத்தில் பூட்டை உடைத்தவராகவே இருக்கலாம். இப்படிப்பட்ட தொழிலில் இது தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், விடுதலைக்கு முன்பே வேலை தொடங்கிவிடுவது. சிறைக்குள்ளேயே பயிற்சிப் பட்டறை. பிறகு பகலில் கடைக்கு வந்து மாலையில் சிறைக்குத் திரும்பும் தற்காலிக அனுமதி. வாசலைத் தாண்டும் நாளில் அவரிடம் ஏற்கெனவே சில மாத வேலை அனுபவம் இருக்கிறது, கடைக்காரரிடம் அவரைப் பற்றிய தகவல் இருக்கிறது. அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் டிம்சன் 2024 ஜூலையில் பிரிட்டனின் சிறைத்துறை அமைச்சரானார்.

1982-ல் தொடங்கிய, நியூயார்க் மாநிலம் யாங்கர்ஸில் இருக்கும் கிரேஸ்டன் பேக்கரி நேர் எதிர் வழி. பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டுப் போகலாம். ரெஸ்யூமே கிடையாது, பின்னணிச் சோதனை கிடையாது. இடம் காலியானால் அடுத்த பெயருக்கு அழைப்பு. பென் அண்ட் ஜெரிஸ் ஐஸ்கிரீமில் போகும் பிரௌனி அங்கேதான் தயாராகிறது. நேர்காணல் செலவை மிச்சம் பிடித்து, அந்தப் பணத்தைப் பயிற்சிக் காலத்தில் போடுகிறார்கள். வடிகட்டுதல் அடுப்பு முன்னால் நடக்கிறது.

இந்த இரு துருவங்களுக்கும் நடுவே உள்ள சராசரி நிறுவனத்துக்கு, 1975-ல் மிசூரி பசிபிக் ரயில்வேமீது நடந்த வழக்கில் நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த மூன்று கேள்விகள் போதும். 2012-ல் அமெரிக்க சம வேலைவாய்ப்பு ஆணையமும் தன் வழிகாட்டுதலில் அவற்றையே எடுத்துக்கொண்டது:

1. குற்றம் என்ன, எவ்வளவு கடுமையானது?
2. அது நடந்து, அல்லது தண்டனை முடிந்து, எத்தனை காலம் ஆயிற்று?
3. இந்த வேலைக்கும் அந்தக் குற்றத்துக்கும் என்ன சம்பந்தம்?

குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவருக்கு டெலிவரி வேன் தர மாட்டோம். கிடங்குக்குள் பெட்டி அடுக்கத் தருவதில் என்ன தடை? பொய்க் கணக்கு எழுதியவரைக் காசாளராக்க வேண்டாம், வெல்டிங்கில் வைக்கலாம்.

எடுத்த பிறகு வரும் சிக்கல்கள் பெரும்பாலும் திருட்டு அல்ல, நேரம். கண்காணிப்பு அதிகாரி செவ்வாய் காலை பத்து மணிக்கு வரச் சொல்வார். அது ஷிப்ட்டின் நடு. போகாவிட்டால் மறுபடி சிறை, போனால் ஆப்சென்ட். அடையாள அட்டை புதுப்பிக்க, வங்கிக் கணக்கு திறக்க, ஓட்டுநர் உரிமம் திரும்ப வாங்க என்று முதல் சில வாரங்கள் அலைச்சலிலேயே போகும். இதை முன்கூட்டியே தெரிந்து செவ்வாய்க்கிழமை ஷிப்ட்டை மாலைக்குத் தள்ளும் மேற்பார்வையாளர் இருக்கும் இடத்தில் ஆள் நிற்கிறார். மூன்று ஆப்சென்ட்டுக்கு நீக்கம் என்ற விதியைக் கம்ப்யூட்டர் அமல்படுத்தும் இடத்தில், 'இவங்களை நம்பி எடுத்தோம், பாத்தீங்களா' என்ற பேச்சுதான் மிச்சம்.

## விசுவாசத்தின் விலை யார் கணக்கில்?

ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆள் நிற்கிறார் என்பதில் பாதிக் காரணம், வேறு யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது. அந்த நிலையைத் தெரிந்துகொண்டு சம்பளத்தைக் குறைப்பதும், யாரும் ஏற்காத ராத்திரி ஷிப்ட்டைத் தள்ளுவதும், "பரோல் அதிகாரியிடம் சொல்லட்டுமா" என்று மிரட்டுவதும் சுலபம். அப்படிச் செய்பவருக்கும் புள்ளிவிவரத்தில் ஆள் நிற்பதாகத்தான் தெரியும். குறைந்த வெளியேற்றம் என்ற எண், நல்ல முதலாளியையும் மோசமான முதலாளியையும் பிரித்துக் காட்டாது.

இந்த வரவு நிரந்தரமும் அல்ல. எல்லோரும் எடுக்கத் தொடங்கினால், மற்றவர்கள் மலிவாக மதிப்பிட்ட ஆட்கள் என்ற சாதகம் கரைந்துவிடும். ஆட்களுக்குப் போக வேறு இடம் கிடைக்கும், போவார்கள். சட்டமும் அந்தத் திசையில்தான் நகர்கிறது. 2018-ல் பென்சில்வேனியா, குறிப்பிட்ட காலம் குற்றமின்றிக் கழிந்தால் சில வகைப் பதிவுகளைக் கம்ப்யூட்டரே தானாக மூடிவிடும் சட்டத்தை முதல் மாநிலமாகக் கொண்டுவந்தது. வேறு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மூடிய பதிவு சாதாரணப் பின்னணிச் சோதனையில் வராது. அந்த ஊழியர் எத்தனை நாள் நின்றார், எப்போது பதவி உயர்ந்தார் என்பதை நிறுவனம் இனி எந்தப் பத்தியிலும் தனியாக எழுத முடியாது. அவர் வரிசையில் நிற்கும் இன்னொரு விண்ணப்பதாரர், அவ்வளவுதான்.